இக்காலுவிட் – ரெசொலியூட் பே: ஒரு விமான தூரக் கணிப்பானைச் சோதித்தபோது

இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் இடைத்தூரத்தையும் பயண நேரத்தையும் சொல்லிவிடும் கட்டணமில்லா இணையக் கணிப்பான் ஒன்றைச் சில நாட்களாகப் பயன்படுத்தி வருகிறேன். பெருநகரங்களுக்கிடையே இத்தகைய சேவைகள் பெரும்பாலும் சரியான விடையையே தருகின்றன என்பதால், கனடாவின் வடகோடியான நுனாவுட்டில் உள்ள இக்காலுவிட், ரெசொலியூட் பே என்ற இரு ஊர்களைக் கொடுத்துப் பார்த்தேன்.

தூரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏறத்தாழ 1,575 கிலோமீட்டர் என்ற விடையை இரு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கொண்டு நானே கணக்கிட்டுச் சரிபார்த்துக்கொண்டேன். நிலநடுக்கோட்டில் 111 கிலோமீட்டராக இருக்கும் ஒரு பாகைத் தீர்க்கரேகை இக்காலுவிட்டில் 49 கிலோமீட்டராகவும் ரெசொலியூட்டில் 29 கிலோமீட்டராகவும் சுருங்கிவிடுவதால், தட்டையான வரைபடத்தில் அளப்பவர் இங்கே எளிதில் ஏமாறுவார். கோளத்தின் மீது கணக்கிடும் இந்தச் சேவை ஏமாறவில்லை. ஒய்எஃப்பி (YFB) என்ற விமான நிலையக் குறியீட்டைக் கொடுத்தாலும் இக்காலுவிட்டைச் சரியாகக் கண்டுபிடிக்கிறது. (1987 வரை அவ்வூருக்கு ஃப்ரோபிஷர் பே என்று பெயர், குறியீட்டில் மட்டும் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.)

நேரம்தான் சிக்கல். இரண்டு மணி இருபது நிமிடம் என்கிறது திரை. மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஜெட் விமானம் ஒன்றைக் கற்பனை செய்து, ஏறி இறங்க அரை மணி நேரம் சேர்த்தால் கிடைக்கும் எண் அது. ஆனால் இந்தத் தடத்துக்கு உரியது மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் பறக்கும் ஏடிஆர் 42 போன்ற டர்போபிராப் (சுழல்விசிறியால் இயங்கும்) விமானம். ரெசொலியூட்டின் ஓடுபாதையோ சரளைக்கல் பரப்பியது, வழக்கமான ஜெட் விமானங்களுக்கு ஏற்றதல்ல. நிற்காமல் பறந்தாலே மூன்று மணி நேரத்துக்கு மேலாகும். வழியில் ஆர்க்டிக் பே என்ற ஊரில் இறங்கிச் சென்றால் தூரம் பத்துக் கிலோமீட்டர்கூடக் கூடுவதில்லை, ஏனெனில் அவ்வூர் கிட்டத்தட்ட நேர்க்கோட்டிலேயே இருக்கிறது. ஆயினும் இறங்கி, சரக்கையும் பயணிகளையும் மாற்றி, மீண்டும் ஏறுவதற்கான நேரம் தனியே சேர்கிறது. தூரத்தை வேகத்தால் வகுத்து நேரம் சொல்லும் எந்தக் கணிப்பானுக்கும் இது தெரியாது.

மூடுபனியால் ஏற்படும் தாமதத்தைக் கணிப்பான் சொல்லவில்லை என்று குறைகூறுவது நியாயமாகாது. ஆனால் இக்காலுவிட் கிழக்கு நேரத்தையும் ரெசொலியூட் மத்திய நேரத்தையும் பின்பற்றுகின்றன என்பதை அது காட்டியிருக்கலாம். பயணச்சீட்டில் அச்சாகும் உள்ளூர் நேரங்களைக் கழித்துப் பார்ப்பவருக்கு மேற்கே செல்லும்போது ஒரு மணி நேரம் குறைவாகவும், திரும்பும்போது ஒரு மணி நேரம் கூடுதலாகவும் தெரியும்.

தூரத்துக்காக இதைத் தொடர்ந்து பயன்படுத்துவேன். நேரத்துக்கு விமான நிறுவனத்தின் கால அட்டவணையைத்தான் பார்ப்பேன். விமான வகையைப் பயனரே தேர்ந்தெடுக்க ஒரு பெட்டியும், இடைநிறுத்தத்தைச் சேர்க்க இன்னொரு பெட்டியும் வைத்தால் என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றிலிருந்து நான்காக உயரும்.