ஸ்பீக்கர் பெட்டி செய்யக் கொடுத்தால், மீதிப் பணம் தருமுன் வூஃபரைக் கழற்றிப் பாருங்கள்

எங்கள் கூடம் 11 அடிக்கு 10 அடி. சோபா ஒரு சுவரோடு, தொலைக்காட்சி எதிர்ச்சுவரோடு. ஸ்பீக்கருக்கு அலமாரித் தட்டை விட்டால் வேறு இடம் கிடையாது. இதையெல்லாம் யோசித்துத்தான் பெட்டியின் அளவை முடிவு செய்திருந்தேன். முடிவு செய்து என்ன பயன்?

சென்னை ரிச்சி தெருவில் நானே கீழ் ஒலிகளுக்கு ஆறரை அங்குல வூஃபர் ஒரு ஜோடியும் மேல் ஒலிகளுக்கு ட்வீட்டர் ஒரு ஜோடியும் வாங்கினேன். வூஃபரின் தரவுத்தாளில் மூன்று எண்கள் முக்கியமானவை: ஒத்ததிர்வு, அதாவது கூம்பு தானாக அதிரும் சுருதி, 45 ஹெர்ட்ஸ்; அந்த அதிர்வு எவ்வளவு கட்டுக்குள் இருக்கிறது என்று சொல்லும் க்யூடிஎஸ் 0.4; கூம்பின் மீள்தன்மையைக் காற்றின் அளவாகச் சொல்லும் விஏஎஸ் 20 லிட்டர். இவற்றை வைத்துக் கணக்குப் போட்டால், துளையில்லாத மூடிய பெட்டிக்குச் சுமார் 10 லிட்டர் உள்கொள்ளளவு போதும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி மெல்லத் தணியும். சுவரை ஒட்டி வைக்கும்போது கீழ் ஒலிகளைச் சுவரே தூக்கிக் கொடுக்கும் என்பதால், அந்தத் தணிவு சிறிய வீட்டுக்கு நல்லதுதான்.

பெட்டி செய்பவரிடம் தாளைக் கொடுத்து எல்லாவற்றையும் விளக்கினேன். 18 மிமீ எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை), துளை கூடாது, உள்ளே பஞ்சு, கம்பிச்சுருளோடு கூடிய கிராஸ்ஓவர், அதாவது கீழ் ஒலியை வூஃபருக்கும் மேல் ஒலியை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் சுற்று. 11,000 ரூபாய் என்று பேசி 6,000 முன்பணம் கொடுத்தேன். "சார், இருபது வருடமாக இதுதான் தொழில்" என்று தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதைப் பிறகு அவர் பிரித்திருக்க மாட்டார்.

மூன்று வாரம் கழித்து வந்த பெட்டி 16 அங்குல உயரம், 10 அங்குல அகலம், 12 அங்குல ஆழம். முன்பக்கம் இரண்டு அங்குலக் குழாய்த் துளை. கேட்டதற்கு, "துளை வைத்தால்தான் சார் பேஸ் வரும், பெரிய பெட்டி, இன்னும் நன்றாக இருக்கும்" என்றார். கடையில் போட்டுக் காட்டியபோது ஒலி கம்பீரமாகத்தான் இருந்தது. தெருவைப் பார்த்துத் திறந்த கடை அது. ஏமாந்தேன். மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டு ஆட்டோவில் ஏற்றினேன்.

பெட்டி அலமாரித் தட்டில் ஏறவில்லை. மூலையில் ஸ்டூல் போட்டு வைத்து ஒரு கச்சேரிப் பதிவைப் போட்டேன். மிருதங்கத்தில் தொப்பி என்ற இடப்பக்கம் கும்கி நாதம் வழுக்கி எழுவதுதான் அழகு. இந்தப் பெட்டியில் அது வழுக்கவே இல்லை. எல்லா அடியும் ஒரே "தொம்". பாடகர் குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்கக் கரைந்து கிடந்தது. மாடி வீட்டு அம்மா இறங்கி வந்து, "தம்பி, மோட்டார் ஏதாவது ஓடுகிறதா?" என்று கேட்டார்.

மறுநாள் வூஃபரைக் கழற்றினேன். பலகை 12 மிமீ பார்ட்டிகிள் போர்டு (மரத்துகள் பலகை), மேலே மைக்கா. மெல்லிய பலகை என்பதே குற்றமல்ல. பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற புகழ்பெற்ற சிறிய ஸ்பீக்கரின் பெட்டிச் சுவர்களும் மெல்லியவைதான். ஆனால் அவற்றின் அதிர்வை அடக்க உள்ளே கனமான பட்டைகள் ஒட்டியிருப்பார்கள். இங்கே பட்டையும் இல்லை, பஞ்சும் இல்லை. கசக்கிய பழைய நாளிதழ் மட்டும் இருந்தது, அதிலும் மணமகள் தேவைப் பக்கம். மூட்டுகளில் பசைக்குப் பதில் ஆணி. கிராஸ்ஓவர் என்று 1,800 ரூபாய் வாங்கியது ட்வீட்டர் கம்பியில் தொங்கிய ஒற்றைக் கெப்பாசிட்டருக்கு. வூஃபருக்குக் கம்பிச்சுருளே கிடையாது.

"தொம்" வந்த காரணமும் பிடிபட்டது. உள்கொள்ளளவு ஏறக்குறைய 25 லிட்டர், குழாயின் நீளம் இரண்டு அங்குலம். கணக்குப்படி அந்தத் துளை முழங்குவது 50க்கும் 55க்கும் இடைப்பட்ட ஹெர்ட்ஸில். 11 அடி நீள அறை தானாக முழங்குவதும் ஏறக்குறைய 52 ஹெர்ட்ஸில். பெட்டியும் அறையும் ஒரே சுருதியில் சேர்ந்துகொண்டன. மூலையில் வைத்தது அதை இன்னும் ஊதிவிட்டது. அறையின் அளவை நான் சொல்லியிருந்தேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

குரல் கரைந்ததற்குக் காரணம் இன்னும் எளிது: ஒரு பெட்டியில் வூஃபர் கம்பிகள் மாறியிருந்தன. இதைக் கடையிலேயே பார்த்துவிடலாம். 1.5 வோல்ட் பேட்டரியின் நேர்முனையைப் பெட்டியின் சிவப்பு முனையிலும் எதிர்முனையைக் கறுப்பிலும் ஒரு கணம் தொட்டால், இரண்டு வூஃபர்களின் கூம்புகளும் வெளிப்பக்கமாக நகர வேண்டும். ஒன்று மட்டும் உள்ளே போனால் இணைப்பு தவறு. சட்டைப்பையில் ஒரு பேட்டரியும் திருப்புளியும் எடுத்துப் போங்கள். திருகைக் கழற்றிக் காட்டத் தயங்குகிற கடையில் மீதியைக் கொடுக்காதீர்கள்.

திரும்பப் போய்க் கேட்டேன். "வேண்டுமானால் துளையை அடைத்துத் தருகிறேன், 500 ஆகும்" என்றார். பணம் திரும்ப வரவில்லை. ரசீதில் "ஸ்பீக்கர் பெட்டி 2" என்று மட்டும் எழுதி வாங்கிய என் அசட்டுத்தனமும் இதில் சேர்த்தி. பலகையின் வகை, தடிமன், லிட்டர், கிராஸ்ஓவரில் என்னென்ன பாகங்கள் என்பதெல்லாம் ரசீதில் இருந்திருந்தால் சண்டை போடவாவது ஒரு பிடி இருந்திருக்கும்.

இப்போது எங்கள் தெருவில் கட்டில், கதவு செய்யும் தச்சரிடம் கொடுத்திருக்கிறேன். ஸ்பீக்கர் பெட்டி அவர் செய்ததே இல்லையாம். 10 லிட்டருக்கு நான் எழுதிக் கொடுத்த அளவைப் பார்த்துவிட்டு, பென்சிலைக் காதிலிருந்து எடுத்தபடி அவர் கேட்ட முதல் கேள்வி: "இது உள்ளளவா சார், வெளியளவா?"