ஐஓஎஸ் எக்ஸ்ஆர் மேம்படுத்தல்: திரும்பிவரும் வழியோடு ஓர் ஏற்பாடு

சிஸ்கோவின் ஐஓஎஸ் எக்ஸ்ஆர் இயங்கும் ரௌட்டர்களைச் சேவை வழங்குநர் வலையமைப்பில் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். அந்த இயக்க மென்பொருளின் பிற வசதிகளை விட்டுவிட்டு, ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்குச் செல்ல அது தரும் ஏற்பாட்டை மட்டும் இங்கு மதிப்பிடுகிறேன். 2004-இல் சிஆர்எஸ்-1 ரௌட்டருடன் கியூஎன்எக்ஸ் என்ற இயங்குதளத்தின் நுண்கருவின் (மைக்ரோகெர்னல்) மீது அறிமுகமாகி, பின்னர் 64 பிட் லினக்ஸுக்கு மாறிய மென்பொருள் இது. உள்ளே எவ்வளவோ மாறியும், மேம்படுத்தலின் அடிப்படை ஒழுங்கு மாறவில்லை.

'இன்ஸ்டால் ஆட்' என்ற முதல் கட்டளை புதிய தொகுப்புகளை ரௌட்டரின் வட்டில் கொண்டுவந்து சேர்க்கிறது. இயங்கிக்கொண்டிருக்கும் மென்பொருளை அது தொடுவதில்லை என்பதால், கோப்பு பழுதில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பைச் சரிபார்த்து, இந்தப் படியைப் பராமரிப்பு நேரத்துக்கு ஓரிரு நாள் முன்பே முடித்துவிடலாம். 'இன்ஸ்டால் ஆக்டிவேட்' கொடுத்ததும் ரௌட்டர் ரீலோடு (மறுதொடக்கம்) ஆகிப் புதிய பதிப்பில் எழுகிறது. ஆனால் மூன்றாவதான 'இன்ஸ்டால் காமிட்' கொடுக்கப்படும்வரை அந்த மாற்றம் தற்காலிகமானதுதான். இடையில் மறுபடியும் ரீலோடு நேர்ந்தால் ரௌட்டர் பழைய பதிப்புக்கே திரும்பிவிடும்.

இந்த மூன்றாம் படியின் அருமையை நான் வேறொரு தயாரிப்பாளரின் கருவியில்தான் கற்றேன். அதில் இடம் போதாததால் பழைய இமேஜை (மென்பொருள் கோப்பை) அழித்துவிட்டுத்தான் புதியதை ஏற்ற முடிந்தது. ஏற்றிய கோப்பு பழுதாக இருந்தது ரீபூட் செய்த பிறகே தெரிந்தது. திரும்பிப் போக எதுவும் மிச்சமில்லாத நிலையில், கன்சோல் கேபிளுடன் ஒருவர் நேரில் சென்று சேரும்வரை அந்தக் கருவியை நம்பியிருந்த வாடிக்கையாளர்கள் அனைவரும் இணைப்பின்றித் தவித்தனர். அந்த இரவுக்குப் பின், திரும்பும் வழி கருவிக்குள்ளேயே இருக்கிறதா என்பதையே நான் முதலில் பார்க்கிறேன்.

எக்ஸ்ஆரில் நான் மிகவும் மதிக்கும் இன்னொன்று, அதிகம் பேசப்படாத ஒரு கட்டளை. புதிய பதிப்பில் சில கான்ஃபிகரேஷன் வரிகளின் எழுத்துமுறை மாறியிருக்கலாம். அல்லது அவற்றுக்குரிய தொகுப்பு நிறுவப்படாமல் விடுபட்டிருக்கலாம். அப்படி ஏற்கப்படாத வரிகளை ரௌட்டர் ஒதுக்கி வைக்கிறது. 'ஷோ கான்ஃபிகரேஷன் ஃபெயில்டு ஸ்டார்ட்அப்' என்று கேட்டால் அவற்றை வரிசையாகக் காட்டிவிடுகிறது. ரௌட்டர் எழுந்துவிட்டது, வழிகளைப் பரிமாறிக்கொள்ளும் பிஜிபி நெறிமுறையின் அண்டைகள் (எதிர்முனை ரௌட்டர்கள்) அனைத்தும் திரும்பிவிட்டன, அலாரம் எதுவும் இல்லை என்று எல்லோரும் மூச்சுவிடும் நேரத்தில், அந்தப் பட்டியலில் ஓர் அணுகல் விதியின் வரியோ போக்குவரத்துக்கு முன்னுரிமை வகுக்கும் கியூஓஎஸ் கொள்கையின் வரியோ தனித்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். கேட்காமல் விட்டிருந்தால், மறுநாள் போக்குவரத்து உச்சத்தைத் தொடும்போதுதான் அது புகாராக வந்திருக்கும்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். கான்ஃபிகரேஷன் மாற்றத்தை உறுதிசெய்யும் கட்டளையின் பெயரும் 'காமிட்' என்பதே. இரண்டும் முற்றிலும் வெவ்வேறு. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதும் முடிந்தது என்று எண்ணுவது புதியவர்களுக்கு எளிது. அந்தத் தவறு வாரக்கணக்கில் வெளியே தெரியாமல் இருந்து, மின்சாரம் தடைப்பட்டு ரௌட்டர் பழைய பதிப்பில் எழும்போதே வெளிப்படும். 'ஷோ இன்ஸ்டால் ஆக்டிவ்', 'ஷோ இன்ஸ்டால் கமிட்டெட்' இரண்டின் விடையும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிடுவதை எங்கள் செயல்முறை ஆவணத்தில் தனி வரியாகவே சேர்த்திருக்கிறோம்.

அடுத்தது எஃப்பிடி எனப்படும், ரௌட்டரில் செருகப்பட்ட அட்டைகளிலுள்ள சில்லுகளுக்கான ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள் பதிந்த மென்பொருள்). பதிப்பு மாறிய பிறகு சில அட்டைகளுக்கு நேராக 'நீட் அப்கிரேடு' என்று வந்து நிற்கும். தானாகப் புதுப்பிக்கும் அமைப்பை முன்கூட்டியே இயக்கி வைக்கவில்லை என்றால், அதைத் தனியே புதுப்பித்து, அட்டையை இன்னொரு முறை ரீலோடு செய்ய நேரிடும். இரண்டு மணி நேரம் என்று அனுமதி வாங்கிய பராமரிப்பு வேலை இங்கேதான் நீண்டுவிடுகிறது.

ரீலோடுக்கு முன் போக்குவரத்தை ரௌட்டரிலிருந்து விலக்கும் பொறுப்பு நம்முடையதே. வலையமைப்புக்குள்ளே வழிகளைக் கணிக்க உதவும் ஐஎஸ்-ஐஎஸ் நெறிமுறையில் ஓவர்லோடு பிட்டை அமைத்தால், மாற்றுப் பாதை இருக்கும் இடங்களில் மற்ற ரௌட்டர்கள் இதன் வழியே கடத்துவதைத் தவிர்க்கும். பிஜிபி-யில் 2018-இல் வெளியான ஆர்எஃப்சி 8326 என்ற இணையத் தரநிலை ஆவணம் வரையறுத்த 65535:0 என்ற கம்யூனிட்டியை (வழிகளோடு சேர்க்கும் குறியீட்டை) அனுப்பினால், அதை மதிக்கும் அண்டைகள் வழிகளை மெல்ல மாற்றிக்கொள்ளும். இவற்றைச் செய்து, போக்குவரத்து வரைபடம் அடிமட்டத்துக்கு இறங்கியதைக் கண்ணால் கண்ட பிறகே நான் ஆக்டிவேட் கொடுக்கிறேன்.

ரீலோடுக்கு முன் எடுத்து வைத்த அண்டைகளின் எண்ணிக்கை, வழிகளின் எண்ணிக்கை, ஒளியிழை இணைப்புகளில் வந்துசேரும் ஒளியின் அளவு ஆகியவற்றைப் புதியவற்றோடு ஒப்பிட்டு, போக்குவரத்தைத் திரும்பக் கொண்டுவந்து, ஒரு மணி நேரமாவது கவனித்துவிட்டு 'இன்ஸ்டால் காமிட்' கொடுக்கலாம். அந்த ஒரு மணி நேரத்தை மென்பொருள் நமக்காகத் தாங்கிப் பிடிக்கிறது. முதன்மை ரௌட்டர்களுக்கு நான் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பதற்கு அதுவே காரணம்.