காட்பாடியில் ஒரு கணக்கு வகுப்பு: பிளஸ் ஒன் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு

காந்தி நகரில் ஒரு வீட்டு மாடியில் ஞாயிறு காலையில் நடக்கும் வகுப்பு இது. வாசலில் பெயர் போர்டு கிடையாது, ஒருவர் சொல்லி ஒருவர் சேர்வதுதான். நடத்துபவர் ஓய்வு பெற்ற வாத்தியார். லாங்கு பஜாரில் எனக்கு பேன்சி ஸ்டோர். ஞாயிறு காலையில் நாத்தனார் கடையைப் பார்த்துக்கொள்வதால், பையனை விட வரும் நானும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன். சார் ஒன்றும் சொல்வதில்லை.

பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் மட்டு எண்கணிதம், அதாவது வகுத்து மீதியை மட்டும் வைத்துப் போடும் கணக்கு, வருகிறது. எத்தனை விதமாக அடுக்கலாம், தேர்ந்தெடுக்கலாம் என்று எண்ணும் வரிசை மாற்றமும் சேர்வும் பிளஸ் ஒன்னில். இரண்டையும் சேர்த்துப் போட்டால் என்ன ஆகும் என்று பள்ளியில் யாரும் காட்டுவதில்லை. இவர் அதைத்தான் காட்டுகிறார்.

முதல் வகுப்பிலேயே கோர்க்கிற பாசிமணி வந்துவிட்டது, என் கடைச் சரக்கு! ஐந்து மணி, சிவப்பு, வெள்ளை இரண்டு நிறம். வரிசையாக வைத்தால் 32 விதம். முழுக்கச் சிவப்பு, முழுக்க வெள்ளை இரண்டையும் தள்ளினால் 30. இப்போது முடிச்சுப் போட்டு வளையமாக்குங்கள். ஒரே வளையத்தை ஐந்து இடங்களில் பிரிக்கலாம், ஒவ்வொரு பிரிப்பிலும் வேறு வரிசை கிடைக்கும். ஆக 30 வரிசையும் ஐந்தைந்தாகச் சேர்ந்து ஆறு டிசைன். மணி எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தால், எத்தனை நிறம் வைத்தாலும் இப்படி மீதியில்லாமல் வகுபடுமாம். பிரெஞ்சுக் கணித மேதை பெர்மா 1640-ல் சொன்ன தேற்றம் இதுதான் என்று முடித்தார். ஆறு மணி கோர்த்தால் 64-ல் 2 போக 62, ஆறால் வகுபடாது. சிவப்பு, வெள்ளை மாறி மாறிக் கோர்த்ததை எங்கே பிரித்தாலும் இரண்டே வரிசைதானே வரும்? அங்கேதான் இடிக்கிறது.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "சார், பிரேஸ்லெட்டைக் கையில் திருப்பியும் போடுவாங்களே?" என்றேன். "கேளுங்கம்மா, அது வேற எண்ணிக்கை" என்று உடனே போட்டுக் காட்டினார். ஒரே நிற வளையங்களையும் சேர்த்தால் ஐந்து மணி வளையத்துக்கு 8 டிசைன், திருப்பினால் ஒன்றுபோல் வருவதை ஒன்றாக எண்ணினாலும் 8-தான். ஆறு மணி வளையத்துக்கு 14, திருப்பினால் 13. பாடத்தை விட்டு வெளியே கேட்டாலும் முகம் சுளிக்காத வாத்தியார் என்பதற்கே நான் மார்க் போடுவேன்.

கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு இன்னொரு லாபம். நூறு பேரை வரிசையில் நிறுத்தும் வழிகளை எழுதினால் 158 இலக்கம் வரும். கம்ப்யூட்டர் ஒரு எண்ணுக்கு வழக்கமாக ஒதுக்கும் 64 பிட் இடத்தில் 20 பேருக்கு மேல் அடங்காது. அதனால்தான் அந்தப் போட்டிகளில் விடையை நூறு கோடியே ஏழால் வகுத்து மீதியை மட்டும் கேட்பார்களாம். அதுவும் பகா எண்தான். மீதி எடுத்த பிறகு எப்படி வகுப்பது என்பதில்தான் பையன் மாட்டிக்கொண்டிருந்தான். சார் ஏழை வைத்து விளக்கினார்: 12-ஐ 2-ஆல் வகுத்தால் 6. ஆனால் 12-க்கு மீதி 5, அதை எப்படிப் பாதியாக்குவது? 2-ஐ 4-ஆல் பெருக்கினால் 8, மீதி 1. அதனால் 2-ஆல் வகுப்பதற்குப் பதில் 4-ஆல் பெருக்கு. ஐந்நான்கு இருபது, மீதி 6. சரியாக வந்துவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. சேர்வைப் பகா எண்ணால் வகுத்த மீதியைக் குறுக்குவழியில் காணும் லூக்காஸ் தேற்றத்தைக் கடைசி அரைமணியில் ஓட்டிவிட்டார். 10-ல் 3 பேரைத் தேர்ந்தெடுக்க 120 வழி, ஏழால் வகுத்தால் மீதி 1. அதை 10-ஐயும் 3-ஐயும் ஏழடிமான எண்ணாக (பத்துப் பத்தாக இல்லாமல் ஏழேழாக எண்ணி) எழுதியே கண்டுபிடிக்கலாம் என்றார். ஏன் என்று சொல்லவே இல்லை. பின்வரிசைப் பிள்ளைகள் முழித்தார்கள். கொடுக்கும் நோட்ஸ் முழுக்க இங்கிலீஷ், தமிழ் மீடியம் பிள்ளை தடுமாறும். பப்ளிக் பரீட்சை மார்க் மட்டும் போதும் என்பவர்களுக்கு இது வேண்டாம், வழக்கமான டியூஷனே போதும்.

கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், பேன் ஒன்றே ஒன்று. வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம், வண்டியைச் சந்து முனையிலேயே விட்டுவிடுங்கள், கீழ் வீட்டுக்காரர் வாசலில் நிறுத்த விடமாட்டார்.