சக்கரமா, சங்கிலிப் பட்டையா?

கவச வண்டிக்கு எது மேல் என்று ஆவடியில் அடிக்கடி விவாதம் எழும். இங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலைக்குரிய அர்ஜுன் மார்க் 1ஏ டாங்கியின் எடை சுமார் 68 டன். அந்தப் பாரத்தை அகன்ற இரும்புப் பட்டை நிலத்தில் பரப்பிவிடுவதால்தான், டயர் அச்சுவரை புதையும் சேற்றிலும் அதனால் நகர முடிகிறது.

சாலையில் சக்கரமே முந்தும். அமெரிக்க ராணுவத்தின் எட்டுச் சக்கரக் கவச வண்டியான ஸ்ட்ரைக்கர் மணிக்கு 95 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். எரிபொருளும் பராமரிப்பும் குறைவு. 2013இல் மேற்கு ஆப்பிரிக்க நாடான மாலியில் பிரெஞ்சுப் படை சக்கர வண்டிகளில்தான் நெடுந்தொலைவை விரைந்து கடந்தது.

கண்ணிவெடியில் ஒரு சக்கரம் போனாலும் மற்றவற்றால் வண்டி பெரும்பாலும் ஊர்ந்து வெளியேறிவிடும். பட்டை அறுந்தால், குண்டுமழைக்கிடையே வீரர்கள் இறங்கி அதைக் கோக்க வேண்டும். என் பெரிய கவலை அதுதான்.

ரோந்துக்கும் நெடும்பயணத்துக்கும் சக்கரம் பொருந்தும். அரணை உடைத்து முன்னேற, தடித்த கவசத்தைத் தாங்கும் பட்டையே வேண்டும்.