5ஜி கேட்வேயும் சொந்த ரவுட்டரும்: எந்த முறை யாருக்கு?

அமெரிக்காவில் டி-மொபைல், வெரைசன் நிறுவனங்களின் 5ஜி வீட்டு இணையத்துக்குச் சேர்ந்தால் கூடவே ஒரு கேட்வே பெட்டி வரும். மோடம், ரவுட்டர், வைஃபை மூன்றும் அதற்குள்ளேயே அடக்கம். சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். கோபுரத்தின் சிக்னல் நன்றாகக் கிடைக்க அந்தப் பெட்டி ஜன்னலோரம், முடிந்தால் மாடியில், இருக்க வேண்டும். வைஃபை எல்லா அறைகளுக்கும் எட்ட வேண்டுமானால் வீட்டின் நடுவில் இருக்க வேண்டும். சொந்த ரவுட்டர் வாங்க முதல் காரணம் இதுதான் என்பேன். கோபுரத்திலிருந்து வரும் வேகத்தை எந்த ரவுட்டராலும் கூட்ட முடியாது. வந்த வேகம் கடைசி அறைவரை குறையாமல் போய்ச் சேர்ந்தால் அதுவே பெரிய லாபம்.

2023 செப்டம்பரில் சென்னை உட்பட எட்டு நகரங்களில் அறிமுகமான ஜியோ ஏர்ஃபைபரில், சிக்னல் பிடிக்கும் கருவி வீட்டுக்கு வெளியிலும் வைஃபை ரவுட்டர் உள்ளேயுமாகத் தொடக்கத்திலேயே பிரித்துவைத்தார்கள். அமெரிக்க வாடிக்கையாளர் அந்தப் பிரிவினையைத் தாமே செய்துகொள்ள வேண்டும். கேட்வேயின் லேன் போர்ட்டிலிருந்து ரவுட்டருக்கு ஒரு ஈதர்நெட் கேபிள் போதும். ரவுட்டரை எந்த முறையில் ஓட்டுவது என்பதில்தான் யோசனை தேவை.

அக்சஸ் பாயின்ட் முறையில் கருவிகளுக்கு ஐ.பி. முகவரி கொடுக்கும் வேலை கேட்வேயிடமே இருக்கும். ரவுட்டர் வைஃபையை மட்டும் பரப்பும். அச்சுப்பொறி, தொலைக்காட்சி, கைப்பேசி எல்லாம் ஒரே வலையமைப்பில் இருக்கும், இணைய முகவரியின் புதிய வடிவமான ஐ.பி.வி6 கெடாது. பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே போதும்.

ரவுட்டரே முகவரியும் கொடுக்கும் முழு ரவுட்டர் முறைக்குப் போனால், பல கருவிகளின் முகவரிகளை ஒரே வெளி முகவரியாக மாற்றும் வேலை, அதாவது நேட், இரண்டு அடுக்காகிவிடும். இதற்குப் பலர் தேவைக்கு மேல் அஞ்சுகிறார்கள். திரைப்படம் பார்ப்பதும் காணொலி அழைப்பும் வழக்கம்போல் நடக்கும். வெளியிலிருந்து வீட்டுக் கேமராவை எட்டும் போர்ட் ஃபார்வர்டிங்தான் சிரமமாகும். ஆனால் டி-மொபைல் தன் பக்கத்திலேயே பலரை ஒரே பொது முகவரிக்குள் அடக்கும் நேட் வைத்திருப்பதால், உங்கள் ரவுட்டர் இல்லாவிட்டாலும் அது நடக்காது. அதற்கு டெய்ல்ஸ்கேல் போல வீட்டிலிருந்தே வெளியே இணைப்பை ஏற்படுத்தும் கருவிகள்தான் வழி.

இந்த முறையில் உண்மையான இழப்பு ஐ.பி.வி6. மொபைல் இணைப்புக்குப் பெரும்பாலும் /64 எனப்படும் ஒரே ஒரு முகவரித் தொகுதிதான் கிடைக்கிறது; கேட்வே அதைப் பிரித்து அடுத்த ரவுட்டருக்குக் கொடுப்பதில்லை. ஈடாகக் கிடைப்பவை கணிசமானவை: தளப் பெயர்களை முகவரிகளாக மாற்றும் டி.என்.எஸ் உங்கள் கையில் வருவதால் விளம்பரத் தடுப்பை வீடு முழுமைக்கும் வைக்கலாம். விருந்தினருக்கும் பிள்ளைகளுக்கும் தனித்தனி விதிகள் எழுதலாம். நெரிசல் நேரத்தில் அழைப்பு திக்கித் திணறுவதைக் குறைக்கும் கேக் என்னும் வரிசை மேலாண்மையும் இதில்தான் கிடைக்கும். ஃபைபரில் அதற்கு ஒரு வேக எண்ணைக் கொடுத்துவிட்டு மறந்துவிடலாம். 5ஜியின் வேகமோ காலையில் ஒன்று, இரவில் ஒன்று. நிலையான எண்ணைக் கொடுத்தால் ஒன்று வேகம் வீணாகும், அல்லது திணறல் தீராது. ரவுட்டருக்கான திறமூல மென்பொருளான ஓப்பன்டபிள்யூஆர்டியில் கேக்-ஆட்டோரேட் என்ற ஸ்கிரிப்ட் தாமதத்தை அளந்தபடியே அந்த எண்ணை ஏற்றி இறக்கும். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு இந்த ஒன்றுக்காகவே நான் ரவுட்டர் முறையைப் பரிந்துரைப்பேன்.

ஐ.பி. பாஸ்த்ரூ இருந்தால் இரட்டை நேட் கவலையே இல்லை: கேட்வே மோடமாக மட்டும் ஒதுங்கி, முகவரியை நேரே உங்கள் ரவுட்டரிடம் கொடுத்துவிடும். வெரைசனின் பல கேட்வேக்களில் இந்த வசதி உண்டு. டி-மொபைலின் வீட்டு கேட்வேக்களில் இல்லை. இந்த வேறுபாட்டைப் பார்த்துவிட்டு நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள்.

சிம்மைக் கழற்றி வேறு 5ஜி ரவுட்டரில் போடுவோரும் உண்டு. சேவை விதிகள் அதை ஏற்பதில்லை. இணைப்பு துண்டிக்கப்பட்டால் முறையிடவும் இடமிருக்காது. கேபிள் ஒன்றால் முடிகிற காரியத்துக்கு அது வேண்டாம்.