ஏர் இழுக்கும் பழைய கார்: கேஜா, ஸ்ப்ரேயா, புகையா?

கார்புரேட்டர் வைத்த மாருதி 800, பெட்ரோல் அம்பாசடர் போன்ற வண்டிகளில் ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) ஏறி இறங்கினால் முதலில் கை போவது பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் மேல்தான். கழற்றி, கழுவி, கிட் போட்டு மாட்டிய பிறகும் கோளாறு அப்படியே இருக்கும். மேனிஃபோல்டு (கலவையை சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் குழாய்) பக்கம் எங்காவது ஏர் இழுக்கிறதா, அதாவது இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே புகுகிறதா என்று அதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். எஞ்சின் சூடானபின் கலவையில் காற்றைக் குறைக்கும் சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். ஐடிலிங் சீரானால் கலவையில் பெட்ரோல் போதவில்லை. காரணம் ஏர் லீக்காக இருக்கலாம், ஐடில் ஜெட் (ஐடிலிங்கில் பெட்ரோல் வரும் நுண்துளை) அடைப்பாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று பிரித்துப் பார்க்கத்தான் கருவி தேவை.

என் ஓட்டு, மேனிஃபோல்டுக்குள் உள்ள வெற்றிடத்தை (வேக்கம்) அளக்கும் வேக்கம் கேஜுக்கு. கார்புரேட்டருக்குக் கீழே, மேனிஃபோல்டில் நேராகத் திறக்கும் ஒரு முனையில் அதை மாட்டி ஐடிலில் விட்டால், நல்ல எஞ்சின் கடல் மட்டத்தில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) வரை காட்டும், முள்ளும் ஆடாது. முள் ஆடாமல், ஆனால் 12, 13-லேயே நின்றால் ஏர் லீக் இருக்கலாம். இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்) பின்தங்கியிருந்தாலும் இப்படித்தான் காட்டும் என்பதால் டைமிங்கை முதலில் சரிபார்த்துவிடுங்கள். சீரான இடைவெளியில் முள் துடித்தால் வால்வைக் கவனிக்க வேண்டும். இன்னொன்று, உயரம் ஏற ஏற ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும். சென்னையில் 19 காட்டும் அதே எஞ்சின், 7,000 அடிக்கு மேலே இருக்கும் ஊட்டியில் 12-ஐ ஒட்டித்தான் காட்டும். அங்கே அது கோளாறே இல்லை.

கேஜ் லீக் இருப்பதைச் சொல்லுமே தவிர இடத்தைச் சொல்லாது என்பார்கள். ஹோஸ்களைப் பொறுத்தவரை அது சரியல்ல. கேஜை மாட்டியபடியே ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, மேனிஃபோல்டு பக்க முனையை விரலால் அடையுங்கள். எதை அடைத்ததும் முள் சட்டென்று மேலே ஏறுகிறதோ அந்த வழியில்தான் லீக். பிரேக் பூஸ்டர் ஹோஸை அடைத்து முள் ஏறினால் ஹோஸ், செக் வால்வு (ஒருவழி வால்வு), பூஸ்டர் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு) மூன்றையும் பாருங்கள். பிளையரால் நசுக்கிப் பார்ப்பதை நான் விரும்புவதில்லை. இறுகிப்போன பழைய ரப்பர் அங்கேயே பிளந்துவிடும். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய ஹோஸை வளைத்துப் பாருங்கள். நேராக இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு வளைத்ததும் வாயைத் திறக்கும்.

அடுத்தது கார்ப் கிளீனர் ஸ்ப்ரே. மலிவானது, உடனே பதில் சொல்லும். கார்புரேட்டர் அடிப் பேக்கிங் (கேஸ்கெட்), மேனிஃபோல்டு பேக்கிங் ஓரமாக அடிக்கும்போது எஞ்சின் வேகம் (ஆர்பிஎம்) மாறினால் இடம் தெரிந்துவிடும். ஆனால் மேகம் மாதிரி அடித்தால் ஃபேன் காற்றில் கலந்து ஏர் ஃபில்டர் வழியாகவும் உள்ளே போய், இல்லாத லீக்கைக் காட்டிவிடும். மெல்லிய குழாயைப் பொருத்தி, ஒரு நொடிக்கு மேல் அடிக்காமல், ஒவ்வோர் இடத்துக்கும் நடுவே பொறுத்துப் பார்க்க வேண்டும். 1489 சிசி அம்பாசடரில் இந்த முறை எனக்குச் சம்மதமே இல்லை. அதில் இன்டேக் மேனிஃபோல்டும் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் எஞ்சினின் ஒரே பக்கத்தில், ஒட்டினாற்போல இருக்கின்றன. சூடேறிக் கிடக்கும் எக்ஸாஸ்ட் மேல் சொட்டினால் தீப்பிடிக்கும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரை எந்த வண்டியிலும் இதற்குத் தொடவே வேண்டாம், எரிந்தால் வரும் வாயு நஞ்சு. அம்பாசடருக்குத் தண்ணீர் ஸ்ப்ரே பாட்டில் போதும். ஓட்டையைத் தண்ணீர் ஒரு கணம் அடைப்பதால் சத்தம் மாறும். சிறிய லீக்குகளில் மட்டும் இது தெளிவாகத் தெரியாது.

புகை டெஸ்ட் இடம் காட்டுவதில் கெட்டி. எஞ்சினை நிறுத்தி, கார்புரேட்டர் வாயை அடைத்து, பூஸ்டர் ஹோஸ் வழியாகப் புகை விட்டால் தேய்ந்த த்ராட்டில் ஷாஃப்டின் (கார்புரேட்டரில் காற்றுத் தகடு சுழலும் தண்டு) இரு முனையிலும் மெல்லிய இழையாகக் கிளம்பும். பல வருடம் ஓடிய கார்புரேட்டர்களில் இது அடிக்கடி வரும் கோளாறு. ஒரு பிஎஸ்ஐ-க்கு (டயர் காற்றை அளக்கும் அதே அலகு) மேல் அழுத்தம் கூடாது, கம்ப்ரஸரை அப்படியே இணைத்தால் நல்ல சீல்களும் போய்விடும். எஞ்சின் நின்றிருக்கும்போது செய்வதால் சூட்டில் மட்டும் திறக்கும் லீக் இதில் தப்பிவிடும். கேஜ் லீக் என்று சொல்லி, ஹோஸ் எல்லாம் நன்றாக இருந்தால் மட்டும் இதற்குச் செலவு செய்யுங்கள்.

அடிப் பேக்கிங்கில்தான் லீக் என்று தெரிந்ததும் நட்டை மேலும் முறுக்காதீர்கள், ஃபிளாஞ்ச் (நட்டு பிடிக்கும் தட்டையான அடிப்பகுதி) வளைந்துவிடும். கழற்றி, நேர்ப்பட்டை வைத்துப் பார்த்து, புதுப் பேக்கிங் போடுங்கள். லீக்கை மறைக்க யாராவது ஏற்றிவிட்ட ஐடில் ஸ்க்ரூவைக் கீழே இறக்கி, கேஜ் முள்ளைப் பார்த்தபடியே ஐடிலிங் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைத் திருப்பி, முள் அதிகபட்சமாக ஏறும் இடத்தில் நிறுத்துங்கள்.