நட்சத்திரம் தரத்துக்கு, இதயம் ரசனைக்கு: லெட்டர்பாக்ஸ்டும் பேக்லாக்டும்

பார்த்த படங்களைக் குறித்து வைத்து மதிப்பெண் போடும் ஆப்பான லெட்டர்பாக்ஸ்டில் ஒரு படத்தைப் பதிவு செய்யும்போது இரண்டு விஷயங்கள் அருகருகே இருக்கும். ஒன்று, அரை நட்சத்திரத்திலிருந்து ஐந்து வரை போகும் வரிசை. இன்னொன்று, ஒற்றை இதயம். நாலு நட்சத்திரத்துக்கு மேல் கொடுத்தால் கையோடு இதயத்தையும் தட்டிவிடுவது பலரின் பழக்கம். இந்த ஆப்பை மற்ற மதிப்பெண் தளங்களிலிருந்து பிரித்துக் காட்டுகிற வசதியே அதுதான், அது இப்படித்தான் வீணாகிறது.

பிடித்த படங்களையும் கேம்களையும் வரிசைப்படுத்துகிறவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. நன்றாக எடுக்கப்பட்ட படம் மேலே போக வேண்டுமா, திரும்பத் திரும்பப் பார்க்கிற படம் மேலே போக வேண்டுமா? 2011இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் தொடங்கிய லெட்டர்பாக்ஸ்ட் இந்தக் கேள்விக்கு விடை சொல்வதில்லை. ஆனால் இரண்டையும் தனித்தனியாகக் குறித்து வைக்க இடம் தருகிறது. ஐஎம்டிபியில் அது முடியாது. அங்கே ஒன்று முதல் பத்து வரை ஒரே எண், அதற்குள் ரசனை, தரம், கதாநாயகன் மீதுள்ள பாசம் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். பெரிய நடிகரின் படம் வெளியான அன்று பத்தும் ஒன்றும் மாறி மாறி விழுவதைப் பார்த்தாலே போதும். நடுவில் ஆளே இருக்காது.

பயன்படுத்தும் விதம் எளிது. நட்சத்திரம் முழுக்கத் தரத்துக்கு: திரைக்கதை, நடிப்பு, ஒலி, படத்தொகுப்பு, எடுத்துக்கொண்ட காரியத்தைப் படம் முடித்துக் காட்டியதா என்பது. இதயம் முழுக்க ரசனைக்கு. அதற்கு ஒரு கறாரான சோதனை வேண்டும், இல்லாவிட்டால் எல்லாப் படத்துக்கும் போட்டுவிடுவோம். நம் வீடுகளுக்குப் பொருந்தும் சோதனை இது: ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில் பாதியிலிருந்து ஓடுகிறது, ரிமோட் கையில் இருக்கிறது, சேனலை மாற்றுவீர்களா? மாட்டீர்கள் என்றால் இதயம். ‘மைக்கேல் மதன காமராஜன்’ போன்ற படங்களுக்கு நட்சத்திரமும் இதயமும் தகராறில்லாமல் சேர்ந்தே விழும். மூன்று நட்சத்திரமும் இதயமும், நாலரை நட்சத்திரமும் வெறுங்கையும் என்று விழுகிற படங்களில்தான் உங்கள் பட்டியலின் குணம் தெரியும்.

ஷான்டால் அக்கர்மனின் ‘ஜான் டீல்மன்’ 201 நிமிடப் படம், 1975இல் வந்தது. 2022இல் சைட் அண்ட் சவுண்ட் என்ற சினிமா இதழின் விமர்சகர் வாக்கெடுப்பில் முதலிடம் பிடித்தது. அதே ஆண்டு இயக்குநர்களின் வாக்கெடுப்பில் முதலிடம் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’க்கு. அந்த வாக்கெடுப்பில் ஒவ்வொருவரும் பத்துப் படம் எழுதித் தருவார்கள், பத்துக்கும் சம வாக்கு, வரிசை கிடையாது. உருளைக்கிழங்கு உரிப்பதைப் பொறுமையாகக் காட்டும் ‘ஜான் டீல்மன்’ மாதிரிப் படத்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டு இதயத்தைத் தொடாமல் விடுவதில் ஒரு தப்பும் இல்லை. பொறுத்துக்கொண்டு பார்த்ததை ரசித்ததாகக் காட்டிக்கொள்வதுதான் பட்டியலைக் கெடுக்கும்.

எப்போது மதிப்பெண் போடுவது என்பதும் முக்கியம். இதயத்தைப் படம் முடிந்த இரவே போட்டுவிடலாம். நட்சத்திரத்தை இரண்டு நாள் தள்ளிப் போடுவது நல்லது. நினைவு ஒரு படத்தைச் சராசரியாக எடைபோடுவதில்லை. உச்சக் காட்சியையும் முடிவையும்தான் பெரிதாகப் பிடித்துக்கொள்கிறது. இடைவேளைச் சண்டையும் கிளைமாக்ஸும் நன்றாக அமைந்த படத்தில் நடுவில் தொங்கிய நாற்பது நிமிடம் தியேட்டர் வாசலிலேயே மறந்துவிடும். இரண்டு நாள் கழித்துக் கதையை நீங்களே ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தால் அந்தத் தொங்கல் திரும்ப வரும்.

அடுத்த சிக்கல், அளவுகோல் சுருங்குவது. உங்கள் சுயவிவரப் பக்கத்தில் நீங்கள் கொடுத்த மதிப்பெண்கள் பட்டை வரைபடமாகத் தெரியும். மூன்றரைக்கும் நாலுக்கும் இடையில் எல்லாம் குவிந்திருந்தால், உங்களிடம் பத்துப் படி இருந்தும் இரண்டைத்தான் பயன்படுத்துகிறீர்கள் என்று பொருள். ஒவ்வொரு படிக்கும் நன்றாகத் தெரிந்த ஒரு படத்தை நங்கூரமாக வைத்துக்கொண்டால் இது சரியாகும். புதுப் படம் மூன்றரை நங்கூரத்தைவிட மேலா, கீழா என்று மட்டும் கேட்டால் போதும். ஐஎம்டிபியிலிருந்து சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாக மதிப்பெண்களைக் கொண்டுவருபவர்களுக்கு இது இன்னும் அவசியம். அங்கே போட்ட 7 இங்கே மூன்றரையாக வந்து உட்காரும். கணக்கு சரிதான், ஆனால் பத்துக்கு ஏழு போட்ட கை ஐந்துக்கு மூன்றரை போடத் தயங்கும். இறக்குமதியில் இதயமும் வராது, அதை ஒவ்வொன்றாகப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

இதயத்துக்குப் பதில் ரசனைக்கும் ஐந்துக்கு ஒரு எண் கொடுத்து, இரண்டு எண்ணையும் கூட்டிச் சராசரி எடுத்து வரிசைப்படுத்தலாமே என்று தோன்றும். எக்ஸெல் தெரிந்தவர்களுக்கு இந்த ஆசை விடாது. செய்து பார்த்தால் விளைவு இதுதான்: தரம் 5, ரசனை 2 என்றால் சராசரி 3.5. தரம் 2, ரசனை 5 என்றாலும் 3.5. இரண்டிலும் மூன்றரை வாங்கிய சப்பென்ற படத்துக்கும் 3.5. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று படங்கள் ஒரே படியில் நிற்கும். ரசனைக்கு 60, தரத்துக்கு 40 என்று எடை மாற்றினால் நோய் இடம் மாறுமே தவிரப் போகாது. அதைவிட இரண்டு பட்டியல் போடுங்கள். ‘பிடித்தவை’ என்ற பட்டியலில் ரசனை வரிசை, சமமாக வந்தால் மட்டும் தரம் தீர்ப்புச் சொல்லட்டும். ‘சிறந்தவை’ என்ற பட்டியலில் அதைத் திருப்பிப் போடுங்கள். ஒரே பட்டியலுக்குப் பிடித்தவை என்று தலைப்பு வைத்துவிட்டு நடுவில் மரியாதைக்காக நாலு உலகப் படம் செருகுவதுதான் இணையத்தில் அதிகம் நடக்கிறது.

வரிசைப்படுத்தும்போது மதிப்பெண்ணைப் பார்க்காமல் இரண்டிரண்டாக ஒப்பிடுங்கள். 20 படத்தை எல்லா ஜோடியாகவும் ஒப்பிட்டால் 190 ஜோடி வரும், யாருக்கும் பொறுமை இருக்காது. ஏற்கெனவே வரிசையில் இருக்கும் பட்டியலில் புதுப் படத்தை நட்டநடுப் படத்தோடு முதலில் ஒப்பிடுங்கள். மேலே என்றால் மேல் பாதியின் நடுவோடு, கீழே என்றால் கீழ் பாதியின் நடுவோடு. 31 படம் உள்ள பட்டியலில் அதிகபட்சம் 5 ஒப்பீட்டில் இடம் கிடைத்துவிடும். லெட்டர்பாக்ஸ்ட் பட்டியலில் வரிசை எண் காட்டும் விருப்பத்தை முடுக்கிவிட்டு, நகர்த்தும் வேலையைக் கணினி உலாவியில் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் நூறு படப் பட்டியலில் ஒன்றை எண்பதிலிருந்து பத்துக்கு இழுப்பது விரலுக்குத் தண்டனை.

குறைகள் இல்லாமல் இல்லை. இதயம் ஆமா, இல்லை என்ற இரண்டோடு நின்றுவிடுகிறது. கொஞ்சம் பிடித்ததும் உயிராய்ப் பிடித்ததும் அதில் ஒன்றுதான். நாட்குறிப்பில் பதியும்போது குறிச்சொல் பெட்டியில் ஒன்று முதல் ஐந்து வரை ரசனை எண்ணைப் போட்டு இதைச் சமாளிக்கலாம், பிறகு அந்தக் குறிச்சொல்லை வைத்து வடிகட்டவும் முடியும். பூஜ்ய நட்சத்திரம் கிடையாது. காலியாக விட்டால் மதிப்பிடவில்லை என்றே பொருள், கடைசிப் படி அரைதான். படத் தகவல்கள் டிஎம்டிபி என்ற திரைப்படத் தரவுத் தளத்திலிருந்து வருகின்றன, ஆண்டாக நிற்பது முதல் திரையிடல் நடந்த ஆண்டு. ‘காக்கா முட்டை’ 2014இல் டொராண்டோ விழாவில் திரையிடப்பட்டு 2015இல்தான் தியேட்டருக்கு வந்தது. இப்படிப்பட்ட படங்களை ஆண்டிறுதிப் பட்டியலில் தேடும்போது ஒரு வருடம் முன்னால் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். மேலே மிதக்கும் விமர்சனங்களில் பாதி ஒருவரி நக்கல். சிரிக்கலாம், படம் பார்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய உதவாது.

கேம்களுக்கு இதே வேலையைச் செய்யும் தளம் பேக்லாக்ட். அமைப்பு கிட்டத்தட்ட அண்ணன் தம்பி மாதிரி: அரை நட்சத்திரப் படிகள், தனி இதயம், பட்டியல்கள். கூடுதலாக முடித்தது, ஓரம் வைத்தது, கைவிட்டது என்று ஆட்டத்தின் நிலையைக் குறிக்கலாம். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் கேம் மதிப்பீட்டில் பாதிப் பொய் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஆறு மணி நேரத்தில் கைவிட்ட அறுபது மணி நேர ஆட்டத்துக்குப் போடும் நட்சத்திரம் அந்த ஆறு மணி நேரத்துக்கானது. நிலையைக் குறித்து வைத்தால் பட்டியல் போடும்போது அதை ஓரம் கட்டலாம்.

கேமின் தரம் ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. ‘சைபர்பங்க் 2077’ 2020 டிசம்பர் 10 அன்று வெளியாகி எட்டே நாளில் பிளேஸ்டேஷன் கடையிலிருந்து எடுக்கப்பட்டது, 2021 ஜூனில் திரும்பி வந்தது. 2023 செப்டம்பரில் வந்த 2.0 திருத்தத்தில் திறன் மரத்தையும் (பாத்திரத்தின் திறன்களைத் தேர்ந்து வளர்க்கும் அமைப்பு) போலீஸ் துரத்தலையும் மாற்றி எழுதினார்கள். எந்தப் பதிப்பை, எந்தக் கருவியில் ஆடினீர்கள் என்பது இல்லாத மதிப்பெண்ணுக்கு அர்த்தம் குறைவு. பேக்லாக்டில் ஒவ்வொரு ஆட்டத்தையும் தேதி, கருவியோடு தனிப் பதிவாக வைக்கலாம் என்பதால் பழைய தீர்ப்பை அழிக்காமல் புதியதைச் சேர்க்க முடிகிறது.

ரசனையும் தரமும் எதிரெதிர் திசையில் ஓடுவதற்கு 2010இல் வந்த ‘டெட்லி பிரெமனிஷன்’ பாடம் மாதிரி. கேம் விமர்சனத் தளங்களில் ஐஜிஎன் பத்துக்கு 2 கொடுத்தது, டெஸ்ட்ரக்டாய்டு பத்துக்கு 10 கொடுத்தது. விமர்சகர்களை அதிகம் பிளந்த திகில் கேம் என்று கின்னஸில் பெயர் வந்தது. கார் ஓட்டுவது வேதனை, சண்டை சொதப்பல், 2013இல் வந்த கணினிப் பதிப்பு 720பி தெளிவுத்திறனைத் தாண்டவில்லை. ஆனால் ஊர் மக்களும் துப்பறிவாளர் யார்க்கின் பேச்சும் மறக்காது. இரண்டு நட்சத்திரம், இதயம். இந்த இரண்டில் ஒன்றை மறைத்தாலும் அந்த கேமைப் பற்றிச் சொன்னதாகாது. மறுபக்கம் ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’: விமர்சகர்களின் மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாக்ரிட்டிக்கில் 97, உழைப்பைக் குறை சொல்ல இடமில்லை, ஆனால் ஒவ்வொரு இழுப்பறையையும் மெதுவாகத் திறக்கும் அசைவு பலரைப் பாதியில் எழுப்பிவிடுகிறது. ஐந்து நட்சத்திரம், இதயமில்லை என்று எழுத வெட்கப்பட வேண்டாம்.

ஆடிய நேரத்தை ரசனையின் அளவாக எடுக்காதீர்கள். தினமும் உள்நுழைந்தால் பரிசு தரும் கேம்களில் நானூறு மணி நேரம் எரிச்சலோடே கரைந்துவிடும். கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளம் தரும் சதவீதத்திலும் கவனம் வேண்டும். அங்கே கேட்கப்படுவது பரிந்துரைப்பீர்களா, மாட்டீர்களா என்பது மட்டும். 95 சதவீதம் என்றால் நூற்றில் 95 பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள் என்று பொருள், நூற்றுக்கு 95 மதிப்பெண் அல்ல. விலை குறைந்த கேமுக்குக் கட்டைவிரல் எளிதாக உயரும். பிடிக்குமா என்று பார்க்க ஸ்டீமிலேயே நல்ல வழி இருக்கிறது: வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குக் குறைவாக இருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம். இதயத்துக்கு இரண்டு மணி நேரம் பெரும்பாலும் போதும், நட்சத்திரத்துக்குப் போதாது.

லெட்டர்பாக்ஸ்டில் கட்டணம் கட்ட வேண்டுமா என்றால், பட்டியலுக்காக மட்டும் வேண்டாம். ப்ரோ என்ற கட்டணக் கணக்கு ஆண்டுக்கு 19 டாலர். விளம்பரம் போகும், ஆண்டுப் புள்ளிவிவரப் பக்கம் கிடைக்கும். இந்தக் கட்டுரையில் சொன்னதெல்லாம் இலவசக் கணக்கிலேயே நடக்கும், தரவு ஏற்றுமதி உட்பட. செட்டிங்ஸில் டேட்டா பகுதிக்குப் போய் ஏற்றுமதி கொடுத்தால் ஜிப் கோப்பு வரும். அதில் மதிப்பெண்கள் ஒரு சிஎஸ்வியாகவும் இதயங்கள் தனிக் கோப்புறையில் இன்னொரு சிஎஸ்வியாகவும் இருக்கும். இரண்டையும் ஒரே எக்ஸெல்லில் தனித்தனித் தாளாகத் திறந்து, படத்தின் இணைப்பு முகவரியை வைத்துப் பொருத்துங்கள். பெயரை வைத்துப் பொருத்தினால் ஒரே பெயரில் வந்த இரண்டு படங்கள் குழப்பும். பொருத்திய பிறகு நாலுக்கு மேல் நட்சத்திரம் வாங்கி இதயம் இல்லாதவற்றையும், மூன்றும் அதற்குக் கீழும் வாங்கி இதயம் உள்ளவற்றையும் வடிகட்டிப் பாருங்கள். இரண்டு வடிகட்டலிலும் ஒன்றுகூட வரவில்லை என்றால், இரண்டு பொத்தானையும் ஒரே கேள்விக்குத்தான் அழுத்தியிருக்கிறீர்கள்.